தாணம்மை டீச்சர் நலமாக இருக்கிறார்

போன வாரம் இந்தப் பக்கத்தில் பெரிய தப்பு ஒன்று செய்துவிட்டேன். உயிரோடு இருக்கிற ஒருவருக்கு அஞ்சலி எழுதிவிட்டேன்!

பூதப்பாண்டி தாணம்மை டீச்சரைப் பற்றி எழுதியிருந்தேனே, நினைவிருக்கிறதா? நடவு நடும் பெண்களுக்கு ஆண்களுக்குச் சமமான கூலி கேட்டு வயல் வரப்பில் நின்றவர். விதவைகளின் மறுமணம் பற்றித் துணிச்சலாகக் கதைகள் எழுதியவர். ‘தாணம்மை டீச்சர் காலமானார்’ என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வந்தது. விசாரித்தேனா? இல்லை. கண் கலங்கியது... உட்கார்ந்து எழுதிவிட்டேன்.

பத்தி வெளியான அன்று காலையே போன் வந்தது.

“பூதப்பாண்டியில இருந்து பேசுதேன். நீங்க எழுதினத வாசிச்சேன்.”

“டீச்சருக்கு நீங்க என்ன உறவும்மா?”

“உறவு ஒண்ணும் இல்ல மக்கா. நாந்தான் டீச்சர்.”

இறந்தது அதே பெயரில் பக்கத்து ஊரில் இருந்த வேறொரு டீச்சராம். எண்பது தாண்டியவர் தன் மரணச் செய்தியைத் தானே படித்தால் மனசு என்ன பாடுபடும்? நாகர்கோவிலிலிருந்து அடுத்த பஸ்ஸைப் பிடித்தேன். வழியெல்லாம் மன்னிப்பை மனப்பாடம் செய்துகொண்டே போனேன்.

கதவைத் திறந்தவர் டீச்சரேதான். நான் காலில் விழாத குறை.

“அத விடு. துக்கம் விசாரிக்க நாலு பேரு வந்தாச்சு. நாலு பேருக்கும் நாந்தான் சாயா போட்டுக் குடுத்தேன்” என்று சொல்லிச் சிரித்தார்.

அப்பாடா!

நான் மூச்சு விடுவதற்குள் பத்திரிகையை எடுத்து ஒரு வரியில் விரலை வைத்தார். “ஆனா இத உனக்கு யாரு சொன்னா?”

‘கணவர் உறுதுணையாக இருந்தார்’ – என் வரி.

யாரும் சொல்லவில்லை. கை தானாக எழுதியது. சாதித்த பெண் என்றாலே அந்த வரியைச் சேர்த்துவிடுகிற பழக்கம் நமக்கு... இல்லையா?

“அவரு கெட்ட மனுஷன் இல்ல. ஆனா நான் எழுதுறது அவருக்குப் பிடிக்காது. முதல் கதையக் கிழிச்சு எறிஞ்சாரு. அதப் பொறுக்கி ஒட்டி, கோயிலுக்குப் போறேன்னு சொல்லிட்டுப் போயி தபால்ல போட்டது இவளாக்கும்.”

டீச்சர் கை காட்டிய பக்கம் ஜன்னலோரமாக ஓர் அம்மா முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். டீச்சரின் நாத்தனார். கையெழுத்து மட்டும் போடத் தெரிந்தவர். முதல் கதை மட்டுமல்ல, கடைசிக் கதை வரை தபாலில் சேர்த்தது அவர்தானாம்.

“நான் செத்தேன்னு எழுதினதத் திருத்தாட்டாலும் சரி. இதத் திருத்திப் போடு” என்றார் டீச்சர்.

திருத்திவிட்டேன். டீச்சர் நலம். உறுதுணையாக இருந்தவர், அவருடைய நாத்தனார்.

நான் செருப்பை மாட்டும்போது, கீரையிலிருந்து கண்ணை எடுக்காமலே அந்த அம்மா கேட்டார்: “நாத்தனாருன்னு மட்டும் போட்டுருவியா? எனக்கும் பேரு உண்டுல்லா?”

உண்டு. பகவதியம்மாள்.