பாத்திரத்தில் மீந்தது

அறுபதுகளின் கடைசியில், தாம்பரத்தில் எங்கள் சபைக் கமிட்டிக்கு நான் செயலர். அரசு அலுவலகத்தில் கோப்பு எழுதிப் பழகிய கை என்று அந்தப் பொறுப்பைக் கொடுத்தார்கள். சபை நடத்த விசுவாசம் கட்டாயமில்லை, நடைமுறை தெரிந்தால் போதும் என்று அப்போது நினைத்தேன். இன்றுவரை அதை மறுக்க ஆதாரம் எதுவும் கிடைக்கவில்லை.

மாதத்தின் முதல் ஞாயிறு எங்களுக்குத் திருவிருந்து. பீடத்தின் முன் கிராதியில் வரிசையாக முழங்காலிடுவோம். குருவானவர் அப்பத்தைக் கையில் வைப்பார். பிறகு திராட்சரசப் பாத்திரம் வாய்க்கு வாய் நகரும். எல்லோருக்கும் ஒரே பாத்திரம். நாம் ஒரே சரீரம் என்பதற்கு அது அடையாளம் என்று நானே ஞாயிறு வகுப்பில் பாடம் எடுத்திருக்கிறேன்.

அந்த வருஷம் ஒரு டீச்சர் சபையில் சேர்ந்தார். சேலையூர்ப் பக்கம் பள்ளிக்கூடத்தில் வேலை. பத்து மாதம் சானடோரியத்தில் காசநோய்க்குப் படுத்திருந்து குணமானவர். அதை அவரே எல்லோரிடமும் சொல்லிவிட்டார். சானடோரியம் நிறுத்தத்தில் ரயில் நின்றாலே கைக்குட்டையை மூக்குக்குக் கொண்டுபோகிற ஊரில் அது பெரிய தப்பு.

கமிட்டி கூடியது.

"அவங்களுக்கு அப்புறம் குடிக்கிறவன் கதி இன்னா சார்?" என்றார் ரயில்வே குமாஸ்தா ஒருவர்.

"ஆண்டவர் குஷ்டரோகியையே தொட்டாரே, அண்ணா," என்றார் பெண்கள் சங்கத் தலைவி.

"அவரு கடவுள்மா. நமக்குப் புள்ளகுட்டி இருக்குது."

குருவானவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் டீச்சரிடம் மருத்துவச் சான்று கேட்டு எழுதினேன். மூன்று சளிப் பரிசோதனை முடிவுகளோடு, அதிகாரி கையொப்பமிட்ட நகலாகவே கொண்டுவந்தார். குறை சொல்ல இடமில்லை. ஆகவே தீர்மானம் எழுதினேன்: உடல்நலத்தை முன்னிட்டு, அன்னார் கடைசி வரிசையில் கடைசி நபராகப் பங்குபெறலாம். ஒருமனதாக நிறைவேறியது. பெண்கள் சங்கத் தலைவியும் கை தூக்கினார்.

கடிதத்தை நேரில் கொடுத்தேன். டீச்சர் நின்றபடியே படித்தார்.

"சர்டிபிகேட்ல என்ன குறை, சார்?"

"குறை ஒண்ணுமில்லம்மா. சும்மா ஒரு ஆர்டருக்குத்தான்."

"கிளாஸ்ல நாப்பது புள்ளைங்க நடுவுல நிக்க விடறாங்க. இங்கயும் நாலு பேரு நடுவுல முட்டி போட விட்டா போதும் சார். வேற ஒண்ணும் கேக்கல."

"அடுத்த கமிட்டில வைக்கிறேன்," என்றேன். எதையும் கொல்ல எனக்குத் தெரிந்த மரியாதையான வழி அது.

அடுத்த திருவிருந்து ஞாயிறு டீச்சர் தீர்மானப்படியே கடைசியாக வந்து, கிராதியின் ஓரத்தில் முழங்காலிட்டுக் குடித்தார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. பாத்திரத்தில் மீந்த ரசத்தைக் கொட்டக் கூடாது. பீடத்தின் முன்பே யாராவது குடித்துத் தீர்க்க வேண்டும். எல்லா விதியும் தெரிந்த நான் மறந்த விதி அது. அன்று குருவானவர் வழக்கத்தைவிட அதிகமாக ஊற்றினாரா என்பதை இன்றுவரை நான் கேட்கவில்லை. மீந்ததில் பாதியைக் குடித்துவிட்டுக் குருவானவர் என் பக்கம் திரும்பினார்.

"செயலர் ஐயா, கொஞ்சம் வாங்க."

சபை முழுவதும் பார்க்கப் போனேன். உதட்டை இறுக மூடிக்கொண்டு பாத்திரத்தைச் சாய்த்தேன். விழுங்குவதுபோலத் தொண்டையை அசைத்தேன். திருப்பிக் கொடுத்தபோது குருவானவர் உள்ளே பார்த்தார், பிறகு மிச்சத்தைக் குடித்தார். டீச்சர் இன்னும் எழுந்திருக்கவில்லை. தலை நிமிர்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆண்டவர் நடத்திய முதல் திருவிருந்தில், அவரைக் காட்டிக்கொடுக்கப் போகிறவனுக்கும் பாத்திரம் போனது. அவனைக் கடைசியில் உட்கார வைத்ததாக எங்கும் குறிப்பு இல்லை. இது அன்று மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தபோது தோன்றியது. ஆனாலும் தீர்மானத்தை ரத்துசெய்ய நான் ஒரு வரி எழுதவில்லை.

அடுத்த வாரம் டீச்சர் வேறு சபையில் சேர மாற்றுக் கடிதம் கேட்டு வந்தார்.

"எந்தச் சபைக்கும்மா?"

"அந்த எடத்தைக் காலியா விடுங்க, சார். நடுவுல முட்டி போட விடற சபையா பாத்து நானே எழுதிக்கிறேன்."

காலியிடம் விட்டுக் கையெழுத்திடுவது நடைமுறைக்கு விரோதம். விட்டேன். மற்றதெல்லாம் அச்சடித்த படிவம். 'இவர் எங்கள் சபையில் முழு ஐக்கியத்தில் இருந்தார் எனச் சான்றளிக்கிறேன்' என்ற வரிக்குக் கீழே என் கையெழுத்தும் சபை முத்திரையும். டீச்சர் அந்த வரியை இரண்டு முறை படித்தார். பிறகு, மை காயட்டும் என்று, காகிதத்தை மடிக்காமலே கையில் பிடித்துக்கொண்டு போனார்.