ஆன்டெனாவுக்கு அடியில் ஒரு எவர்சில்வர் டப்பா

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் நான் வேலை பார்க்கும் கம்பெனியில், தானாகவே நேரத்தைத் திருத்திக்கொள்ளும் கடிகாரங்களுக்கு ஆன்டெனா செய்கிறோம். கட்டைவிரல் நீளத்தில் ஒரு கறுப்பு ஃபெரைட் குச்சி, அதன்மேல் மெல்லிய செம்புக் கம்பிச் சுற்று. வெளிநாட்டில் எங்கோ ஒரு நிலையம் அனுப்பும் நேர சிக்னல், பல நூறு கிலோமீட்டர் தாண்டித் தேய்ந்துபோய் வரும்போது, அதை இந்தக் குச்சி பிடிக்கவேண்டும். அந்த சிக்னல் நம் ஊரில் கிடைக்காது. அதனால் சோதனை மேசையில் ஒரு கம்பி வளையத்தை வைத்து, அதே போல் பலவீனமாக ஒன்றை நாங்களே உண்டாக்குவோம். பக்கத்தில் உலோகம் இருந்தால் ரீடிங் விலகிவிடும். மேசையருகே உலோகம் கூடாது என்று சுவரில் ஒட்டியிருக்கிறது. ஒட்டியவள் நான்தான்.

பிரசவ விடுப்பு முடிந்து திரும்பிய இரண்டாவது மாதம் அது. மதியம் ஸ்டோர் ரூமில் மகளுக்குப் பால் எடுத்து வைப்பேன். அந்தக் கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது. என் மேசையில் வேலை பார்த்த அக்கா, கொரட்டூரிலிருந்து வருபவர், சாப்பாட்டைப் பாதியில் மூடிவிட்டு வந்து வெளியே நிற்பார். நானாகக் கேட்டதில்லை. கேன்டீன் ஃபிரிட்ஜில் பால் வைப்பதைப் பற்றி யாரோ முகம் சுளித்ததாகக் கேள்விப்பட்டதும், பாட்டிலை ஐஸோடு ஒரு எவர்சில்வர் டப்பாவில் போட்டு மேசையின் அடித்தட்டில் வைக்கத் தொடங்கினேன். அது எனக்குப் பாலாகத்தான் தெரிந்தது. உலோகமாகத் தெரியவில்லை.

அந்த வாரம் மூன்று நாள், மதியத்துக்குமேல் சோதித்ததெல்லாம் ரிஜெக்ட். சாயங்காலத்துக்குள் காரணம் எழுதித் தரச் சொன்னார் மேனேஜர். குழந்தை வந்தபிறகு எனக்குக் கவனம் போய்விட்டது என்றும் சிரித்துக்கொண்டே சொன்னார். நான் மேசையைச் சுற்றிப் பார்த்தேன். அக்காவின் வலது கையில், மூட்டுவலிக்காகப் போட்ட செம்புக் காப்பு. அதுதான் காரணம் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன்.

"இன்னா மேடம், காலைலயும் இதே காப்பத்தானே போட்டுகினு கீறேன்? அப்போ மட்டும் எப்டி நல்லா வருது?"

படித்தவள் நான். ரூல் அப்படி இருக்கிறது என்றேன். அவரை பேக்கிங்குக்கு மாற்றினார்கள். அங்கே நாள் முழுக்க நின்றுகொண்டே வேலை.

மறுநாள் மதியம், அக்கா இல்லாத மேசையில் ரீடிங் மறுபடி விலகியது. அடித்தட்டு டப்பாவில் என் முழங்கால் இடித்தது. வெளியே எடுத்தேன், சரியானது. உள்ளே வைத்தேன்; விலகியது. வேறு காரணம் இருக்கக்கூடாதா என்ற ஆசையில் நான்கு முறை செய்து பார்த்தேன். பிறகு டப்பாவை ஸ்டோர் ரூமுக்குக் கொண்டுபோய் வைத்தேன். மாலை மேனேஜர் ரீடிங் தாளைப் பார்த்துவிட்டு, காரணத்தைச் சரியாகப் பிடித்துவிட்டதாகப் பாராட்டினார். நான் தலையாட்டினேன். உண்மையை எழுதி ஒரு மெயில் அடித்தேன். அனுப்பவில்லை. வேலையை விட்டுவிடு என்று சொல்ல வீட்டில் எல்லோரும் ஒரு சாக்குக்காகக் காத்திருக்கிறார்கள்.

அடுத்த நாள் அக்கா ஸ்டோர் ரூம் வாசலில் நின்றிருந்தார். கையை நீட்டிக் காட்டினார். மணிக்கட்டில் காப்பு இல்லை. பச்சை படிந்த தடம் மட்டும் இருந்தது.

"கயட்ட வரல மேடம். பட்டறைல குட்த்து வெட்டிட்டேன். இப்போ திரும்ப உக்கார உடுவாங்களா?"

கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.

"சரி, நீ உள்ள போ மேடம். நான் கீறேன்" என்று கதவைச் சாத்தினார்.

கேட்டால், ஏன் மாற்றினோம் என்று மறுபடி பேச்சு எழும். நான் இன்னும் கேட்கவில்லை. இன்றைக்கும் அக்கா வந்து நின்றார்.