படத்துக்குக் கீழே நான் போட்ட பேர்

2010ஆம் வருடம், மார்கழி மாதம், சிதம்பரத்தில் தேர் அன்று நடந்தது இது. ஆனால் அதற்கு முன்னால் கடலூர் மஞ்சக்குப்பத்தில் எங்கள் வீட்டில் என்ன நடந்தது என்பதைச் சொன்னால்தான் உங்களுக்குப் புரியும்.

என் வீட்டுக்காரர் கடலூர் - சிதம்பரம் ரூட்டில் தனியார் பஸ் கண்டக்டராக இருந்தவர். வாய் ஓயாத மனிதர். முந்தின வருடம் ஒரு நாள் காலை பல் தேய்த்துக்கொண்டு நின்றவர் அப்படியே சாய்ந்துவிட்டார். பக்கவாதம். ஆஸ்பத்திரியில் உயிரைக் காப்பாற்றிக் கொடுத்தார்கள். வலது கால் கொஞ்சம் இழுத்தது, அதுகூடப் பரவாயில்லை. பேச்சுதான் போய்விட்டது. தண்ணீர் வேண்டும் என்றாலும் "ரைட்", வயிறு வலித்தாலும் "ரைட்". அந்த ஒரு வார்த்தைதான் மிச்சம். நாம் பேசுவது அவருக்கு ஓரளவு புரியும். ஆனால் ஒரு பொருளைக் காட்டிக் கேட்டால் பேர் வராது. பேப்பரைக் கொடுத்தால் தலைகீழாகப் பிடிப்பார். எழுத்தும் மறந்துபோயிருந்தது.

ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுத்த மேடம், குழந்தைக்குச் சொல்லிக்கொடுக்கிற மாதிரி முதலிலிருந்து ஆரம்பியுங்கள், தினமும் வீட்டிலேயே செய்யுங்கள் என்றார். சென்னையில் வேலை பார்க்கும் என் மகள்தான் வழி கண்டுபிடித்தாள். தன் பழைய லேப்டாப்பையும் டேட்டா கார்டையும் கொண்டுவந்து வைத்து, காசு கட்டத் தேவையில்லாத ஒரு வெப்சைட்டைக் காட்டினாள். அதில் படம் போடலாம், கீழே பேர் எழுதலாம், நம் குரலையே பதிந்து வைக்கலாம். படத்தை அமுக்கினால் குரல் வரும். முதலில் அதிலேயே இருந்த படங்களைக் காட்டினோம். ஒட்டகச்சிவிங்கி வந்ததும் அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். இது எனக்கு எதற்கு என்று அர்த்தம். பிறகு மகள் எங்கள் வீட்டுச் சொம்பு, அவர் செருப்பு, விபூதித் தட்டு, மாத்திரை டப்பா எல்லாவற்றையும் போட்டோ எடுத்துப் போட்டாள்.

நான் எட்டாவது வரைக்கும்தான் படித்தவள். கம்ப்யூட்டரைத் தொட்டதே கிடையாது. இங்கிலீஷ் எழுத்தில் அடித்தால் தமிழாக மாறுகிற இன்னொரு வசதியும் உண்டு, அதுவும் இலவசம்தான் என்று சொல்லிக்கொடுத்துவிட்டு மகள் கிளம்பிப் போனாள். ஒற்றை விரலால் தட்டித் தட்டிப் பழகினேன். சாயங்காலம் விளக்கேற்றிவிட்டு, இன்றைக்கு ஒரு வார்த்தையாவது கொடு சாமி என்று வேண்டிக்கொண்டு இரண்டு பேரும் அதன் முன்னால் உட்காருவோம்.

பக்கத்துத் தெருவில் இருக்கும் என் தம்பி வந்து பார்த்துவிட்டு, "என்ன மச்சான், இந்த வயசுல ஸ்கூல்ல சேந்துட்டீங்களாமே. மத்தியானம் முட்டை போடுறாங்களா?" என்பான். அவர் வாய் கோணச் சிரிப்பார். அந்தச் சிரிப்பைப் பார்க்கவே நான் தம்பியை அடிக்கடி வரச்சொல்வேன்.

"சொம்பு" என்று அவர் வாயால் வந்த அன்றைக்குப் பிள்ளையாருக்குச் சிதறுகாய் போட்டேன். அப்புறம் மெல்ல மெல்லத் தண்ணி, சோறு, செருப்பு. எழுத்தையும் விரல் வைத்துக் காட்ட ஆரம்பித்தார்.

அடுத்து மனிதர்களின் படம். மகள் படத்துக்கு "பாப்பா" என்று பதிந்தேன். அவர் படம் வந்தது. அப்பா பேரைச் சொல்லிப் பதிந்துவிடு என்று மகள் போனில் சொன்னாள். மைக்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். வாய் வரவில்லை. எங்கள் பக்கம் என் வயதுப் பெண்கள் புருஷன் பேரைச் சொல்ல மாட்டோம், அவர் ஆயுசுக்கு ஆகாது என்பார்கள். சிதம்பரத்துச் சாமியின் பேர்தான் அவருக்கும். அதனால் சாமியைக்கூட நான் 'சபையில் ஆடுறவரே' என்றுதான் கும்பிடுவேன். அர்ச்சனைக்கு மகள்தான் பேர் சொல்வாள். கடைசியில் நான் அவரை வழக்கமாகக் கூப்பிடுகிற மாதிரியே "பாப்பா அப்பா" என்று பதிந்து, கீழேயும் அப்படியே அடித்து வைத்தேன். எப்போதும் நான்தான் கூடவே இருக்கிறேனே, இவரிடம் போய்ப் பேர் கேட்கப் போவது யார் என்று நினைத்தேன்.

வருடா வருடம் தேருக்குப் போகிறவர்கள் நாங்கள். அவருக்கு உடம்பு தேறியதற்கு நன்றி சொல்ல வேண்டும் என்று அந்த மார்கழியில் நான் பிடிவாதமாகக் கூட்டிக்கொண்டு போனேன். தெற்கு வீதி முனையில் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு நின்றேன். தேர் திரும்பும்போது கூட்டம் மொத்தமாகப் பின்னால் தள்ளியது. கும்பிடக் கையை எடுத்தேனா, பிடி நழுவியதா, எனக்கே தெரியவில்லை. திரும்பிப் பார்த்தால் அவர் இல்லை.

ஊர் சொல்லத் தெரியாது, வீடு சொல்லத் தெரியாது. கால் வேறு சரியில்லை, கீழே விழுந்தால் மிதித்துவிடுவார்களே. இடித்துப் பிடித்துக்கொண்டு, மைக் வைத்திருந்த போலீஸ் கொட்டகைக்கு ஓடினேன். போலீஸ்காரர் பேர் என்ன என்றார்.

"சாமி பேருதாங்க."

"எந்தச் சாமிம்மா? இந்த ஊர்ல யாருக்குத்தான் சாமி பேரு இல்ல?"

அந்த நிலைமையிலும் நாக்கு எழவில்லை. அவரே ஒரு பேப்பரைத் தள்ளினார், எழுதிக் கொடுத்தேன். மைக்கில் பேரைச் சொல்லி, எங்கிருந்தாலும் போலீஸ் கொட்டகைக்கு வரவும் என்று திரும்பத் திரும்ப அறிவித்தார். வீதி முழுக்க அவர் பேர் ஒலித்தது. காதில் விழுந்தால் கொட்டகைக்கு வந்துவிடுவார் என்று காத்திருந்தேன். வரவில்லை. என்னவோ ஆகிவிட்டது என்றே மனசு முடிவு கட்டிவிட்டது. நிற்க முடியாமல் நானே தேட இறங்கினேன்.

மேல வீதிப் பக்கம் அழுதுகொண்டே போகும்போது ஒலிபெருக்கியில் வேறு ஒன்று வந்தது. "பேர் கேட்டா 'பாப்பா அப்பா'ன்னு மட்டும் சொல்ற ஒரு பெரியவர், தெற்கு வீதி வளையல் கடையில இருக்காரு. வேண்டியவங்க வந்து கூட்டிட்டுப் போகலாம்."

நான் பதிந்து வைத்த அதே பேர் ஊருக்கே கேட்கிற மாதிரி மைக்கில் வந்தது. வந்த வழியே தெற்கு வீதிக்கு ஓடினேன்.

திருவிழாவுக்கு வளையல் கடை போட்டிருந்த ஒரு பாய், அவரை ஸ்டூலில் உட்காரவைத்து, போர்வையைப் போர்த்தி, டீ வாங்கிக் கொடுத்திருந்தார். கடைக்கு நேர் மேலே கம்பத்தில் ஒலிபெருக்கி. அதைப் பார்த்ததும், இங்கேயே இருந்துகொண்டு இவர் எப்படி வராமல் இருந்தார் என்று பாயிடம் கேட்டேன்.

"நானும் கேட்டேம்மா, மைக்ல சொல்றாங்களே, இது நீங்களா பெரியவரேன்னு. இல்லன்னு தலையாட்டிட்டாரு. ரெண்டாவது தடவையும் கேட்டேன். இல்லவே இல்லன்னுட்டாரு. அதுக்கப்புறம்தான் எம் மவனைப் போலீஸ்கிட்ட அனுப்பினேன்."

யாரோ முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. அவர் பேர் தலைக்கு மேலேயே ஒலித்திருக்கிறது. அது வேறு யாரோ என்று நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். யோசித்துப் பார்த்தேன். மகளுக்கு அப்பா, தம்பிக்கு மச்சான், தெருவுக்குக் கண்டக்டர். விழுந்ததிலிருந்து, இதுதான் உங்கள் பேர் என்று அவர் காதில் போட்டவர்கள் யாருமே இல்லை. சொல்லிக்கொடுக்க வேண்டிய இடத்தில் நான் சொல்லாமல் விட்டிருக்கிறேன். சொம்புக்குப் பேர் தெரிந்த மனிதருக்குத் தன் பேர் தெரியவில்லை.

அவர் முன்னால் மண்ணிலேயே உட்கார்ந்தேன். கோபுரத்தைப் பார்த்து, தப்பென்றால் என்னைத் தண்டி சாமி என்று சொல்லிவிட்டு, அவர் மார்பில் கையை வைத்து அவர் பேரைச் சொன்னேன். கல்யாணமாகி முதல் தடவை. அவர் என் வாயையே பார்த்தார். மறுபடி சொன்னேன். உதட்டைக் கூட்டிக் கூட்டி, பாதிப் பேரைச் சொன்னார். முழுசும் வரவில்லை. பாய் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்ததும் அந்தப் படத்துக்கு மறுபடி குரல் பதிந்தேன். இந்தத் தடவை வாய் தயங்கவில்லை. முழுப் பேரும் அவர் நாக்கில் வரத் தைப்பூசம் ஆனது.

சாமிக்கு என் மேல் கோபம் இருந்திருந்தால் அன்றைக்கு அவரைத் திருப்பிக் கொடுத்திருக்காது என்று நம்புகிறேன். ஆனாலும் தன் பேரைக் கூப்பிடும்போது இல்லை என்று தலையாட்டிக்கொண்டு அவர் உட்கார்ந்திருந்ததை நினைத்தால், பக்கத்திலேயே இருந்தும் ஒருவரை எப்படித் தொலைத்துவிட முடிகிறது என்று எனக்கு இன்றைக்கும் உடம்பு ஆடிப்போகிறது.