மூடி வைத்த கால்

மூன்று வருடங்களுக்கு முன்பு பாண்டிச்சேரியில் ஒரு மருத்துவமனையில் நடந்தது இது. என் மகளுக்கு அப்போது நான்கு வயது. பிறவியிலேயே இதயத்தில் ஒரு வால்வு சுருங்கியிருந்தது. நெஞ்சைத் திறக்காமல், வலது தொடை ரத்தக்குழாய் வழியாக மெல்லிய குழாயைச் செலுத்தி, அதன் நுனியிலுள்ள பலூனை ஊதி வால்வை விரித்தார்கள். நல்லபடியாக முடிந்தது என்று டாக்டர் சொன்னதும் எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

மதியம் வார்டுக்குக் கொண்டு வந்தார்கள். நர்ஸ் தெளிவாகத்தான் சொன்னார். வலது காலை மடக்க விடக்கூடாது, பாதத்தை மூடக்கூடாது, அடிக்கடி தொட்டுப் பார்க்க வேண்டும், சில்லிட்டால் உடனே கூப்பிட வேண்டும். நானும் பூம்பூம் மாடு மாதிரி தலையாட்டினேன். இதயமே சரியாகிவிட்டது, காலில் என்ன வந்துவிடப் போகிறது என்கிற நினைப்பு.

விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் கம்பெனியில், சாமான்களைக் காயவைக்கும் இடத்தில் வேலை பார்க்கிறேன். ஈரச் சாமான்மேல் காற்று நேராகப் பட்டால் விரிசல் விடும் என்று உடனே மூடிவிடுவோம். கை அப்படியே பழகிவிட்டது. ஏசி காற்று மகள்மேல் அடிப்பதைப் பார்த்ததும் இரண்டு காலுக்கும் சாக்ஸ் மாட்டி, போர்வையை இழுத்து மூடினேன். மயக்கம் தெளியாமல் அவள் தூங்கிக்கொண்டிருந்தாள். மனைவி மருந்து வாங்கக் கீழே போயிருந்தாள்.

பக்கத்துக் கட்டில் காலியாக இருந்தது. அதனருகே கம்மாபுரத்திலிருந்து வந்த ஒரு பெண் தனியாக உட்கார்ந்திருந்தார்.

"அண்ணா, பாப்பா காலைத் தொறந்து வெக்கச் சொன்னாங்கல்ல?"

"புள்ளைக்குக் குளுருதும்மா. நீங்க உங்க வேலயப் பாருங்க" என்றேன் வெடுக்கென்று.

அவர் கண் பாப்பாவின் போர்வைமேலேயே இருந்தது. பிறகு எழுந்து வந்து, என்னைக் கேட்காமலே போர்வையை விலக்கி, சாக்ஸைக் கழற்றி, இரண்டு பாதங்களையும் பிடித்துப் பார்த்தார். "ஒரு காலு ஐஸா இருக்குதுண்ணா!" என்றவர் நர்ஸைக் கூப்பிட ஓடினார்.

நானும் தொட்டேன். இடது பாதம் கதகதப்பாக இருந்தது. வலது பாதம் வெளுத்து, ஈரமண் போலச் சில்லிட்டிருந்தது. தொட்டே ஈரம் காய்ந்ததா என்று சொல்கிற கை என்னுடையது. அந்தக் கை பெற்ற மகளின் காலைத் தொட்டுப் பார்க்கவில்லை.

டாக்டர் வந்து பார்த்தார். பாதத்தில் நாடி கிடைக்கவில்லை. சின்னப் பிள்ளைகளுக்கு ரத்தக்குழாய் மெல்லியது, இப்படி ரத்தம் உறைவதுண்டு, சீக்கிரம் கண்டுபிடித்தது நல்லது என்று சொல்லி ஊசி மருந்து ஏற்றினார். காலே போய்விடுமோ என்று பயந்து, அந்தப் பாதத்தையே தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். சாயங்காலம் பாதத்தில் சூடு ஏறியபோது, வார்டென்றும் பாராமல் அழுதேன்.

அந்தப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்டேன். "என் பையனுக்குப் போன தடவ இப்படித்தான் ஆயிடுச்சுண்ணா. அதான் மனசு கேக்கல" என்றார்.

"இப்ப பையன் எங்கம்மா?"

"உள்ளதான் இருக்கான். மதியமே ஆபரேஷனுக்குக் கூட்டிட்டுப் போனாங்க. இன்னும் ஒண்ணும் சொல்லல."

சிறிது நேரத்தில் அவனும் நல்லபடியாக வெளியே வந்தான். அவர் முதலில் தொட்டது அவன் பாதத்தைத்தான்.

என் மகள் இப்போது பள்ளிக்கு ஓடுகிறாள். தன் பிள்ளை உள்ளே கிடக்கும்போது, எரிந்து விழுந்தவனின் பிள்ளைக்காக ஒரு தாய் எழுந்து வந்தார். அவர் இடத்தில் நான் இருந்திருந்தால் எழுந்திருப்பேனா என்று என்னையே கேட்டுக்கொள்கிறேன். மாட்டேன் என்றுதான் இன்றைக்கும் மனம் சொல்கிறது.