முவைலாவில் என் பிரெஞ்சு

அரபு நாட்டில், முவைலாவில் மகன் வீட்டுக்குப் பக்கத்து அத்தர் கடையில் உட்கார்ந்திருக்கிறேன். கடைக்காரர் நாகூர்க்காரர். நான் காரைக்கால்காரி, பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த சொல்தாவின் பெண்சாதி என்று அவரிடம் இரண்டு முறை சொல்லியாகிவிட்டது.

ஒரு அல்ஜீரியாக்காரம்மா வருகிறாள். என் வயதுதான் இருக்கும். போனில் பிரெஞ்சு பேசுகிறாள். விடுவேனா? "போன்ழூர்" என்கிறேன். அவள் முகம் மலர்கிறது. மார்சேய், துலோன் என்று என் வீட்டுக்காரர் இருந்த ஊர்களைச் சொல்கிறேன். "மார்சேய்!" என்று என் கையைப் பிடித்துக்கொள்கிறாள்.

அவள் கிளம்பும்போது, என் வீட்டுக்காரர் சொல்லித்தந்த மரியாதைப்படி, கடை முழுக்கக் கேட்க, "தெகாஜ்!" என்கிறேன்.

சட்டென்று கையை விடுகிறாள். கடைக்காரரிடம் அரபியில் ஏதோ சொல்லிவிட்டுப் போய்விடுகிறாள்.

"என்ன பாய் சொல்லிட்டுப் போறா?"

"விடுங்கம்மா."

"சும்மா சொல்லுங்க. நானும் பிரெஞ்சு தெரிஞ்சவதான்."

அவர் என் முகத்தைப் பார்க்காமல் குப்பியைத் துடைக்கிறார்.

"மார்சேய் துறைமுகத்துல அவங்க வாப்பா மூட்டை தூக்குனாங்களாம். அங்க அப்படிச் சொல்லித்தான் வெரட்டுவாங்களாம். 'தொலைஞ்சு போ'ன்னு அர்த்தமாம்மா."

நான் தாய்வீட்டுக்குக் கிளம்பும்போதெல்லாம் என் வீட்டுக்காரர் வாசலில் நின்று சிரித்துக்கொண்டே சொன்ன வார்த்தை அது. போய்வா என்று அர்த்தம் என்பார். நானும் தெருவே கேட்கட்டும் என்று நன்றியாய் ஒரு "மெர்சி" சொல்லிவிட்டுத்தான் வண்டி ஏறுவேன்.