பத்து லட்சத்து ஒன்பது

இரண்டாம் உலக யுத்தம் தொடங்குவதற்கு முந்திய வருஷம். யாழ்ப்பாணத்துக் கிளாக்கர்மார் ஆறு பேர் வெள்ளவத்தையில் ஒரு வீடு எடுத்திருந்தோம். எல்லோருக்கும் வேலை ஒரே கந்தோரில். நான்தான் கடைசியாகச் சேர்ந்தவன். கந்தோரின் கணிப்புப் பிரிவில் ஓர் இடம் காலியாக, விண்ணப்பித்திருந்தேன். அந்தப் பிரிவின் துரை, ஞாயிறு பத்திரிகையின் கணக்குப் பகுதியைத் தவறாமல் வாசிப்பவர்.

அந்தப் பகுதியில் ஒரு கேள்வி வந்தது: 1,000,009 பகா எண்ணா? அதாவது, ஒன்றையும் தன்னையும் தவிர வேறெதனாலும் மீதியின்றி வகுபடாத எண்ணா? சரியான விடை என் பெயரில் வந்தால் துரையின் கண்ணில் படும் என்று நினைத்தேன்.

ஆயிரத்துக்குட்பட்ட பகா எண்கள் நூற்று அறுபத்தெட்டாலும் வகுத்துப் பார்த்தால் போதும். ஆளுக்கு இருபத்தெட்டாகப் பிரித்துக்கொண்டோம். முடித்தவர் கந்தோர் வழக்கப்படி தாளின் அடியில் சுருக்கொப்பம் வைத்தார். மூத்தவர் ஒப்பமிட்டதை இளையவன் சரிபார்ப்பது எங்களிடையே அவமரியாதை. வீட்டின் மூத்தவருக்கு 269 முதல் 433 வரை. அவர் தாளில் ஐந்து கணக்குகள், ஒரு நீளக் கோடு, "ஒன்றும் போகவில்லை", ஒப்பம். மிச்சத்தை வேறு தாளில் போட்டிருப்பார் என்று எண்ணிக்கொண்டேன்.

"பகா எண்" என்று எழுதி அனுப்பினேன். அச்சாயிற்று. மறு ஞாயிறு கொட்டாஞ்சேனை வாசகர் ஒருவரின் கடிதம் வந்தது. அந்த எண் ஆயிரத்தின் வர்க்கமும் மூன்றின் வர்க்கமும் சேர்ந்தது. 972, 235 ஆகியவற்றின் வர்க்கங்களைக் கூட்டினாலும் அதுவே வரும். பகா எண்ணை இப்படி இரண்டு விதமாக எழுத முடியாது. கடைசி வரி: "293ஐ 3413ஆல் பெருக்கிப் பார்க்கவும்."

பெருக்கினேன். அதே எண்தான் வந்தது. மூத்தவர் முகம் மழித்துக்கொண்டிருந்தார்.

"அண்ணை, 293 உங்கட தாளில இருக்கு. வகுத்தனீங்களோ?"

"283 வரைக்கும் வகுத்தனான். ஒண்டும் போகேல்லை. மிச்சமும் போகாதெண்டு கோட்டை இழுத்துவிட்டன்."

"283க்கு அடுத்தது 293, அண்ணை."

"அதுக்கு நான் என்ன செய்ய? பேப்பரில வந்தது உம்மட பேர். நீரெல்லோ பாத்திருக்க வேணும்."

"விடும் ஐசே," என்றது உள்ளறையிலிருந்து இன்னொரு குரல். "ஒரு நம்பருக்கு இந்தப் பாடோ?"

வியாழக்கிழமை நேர்முகம். துரையின் மேசையில் பத்திரிகைத் துண்டு கிடந்தது. நூற்று அறுபத்தெட்டில் நான் வகுத்தது எத்தனை என்று கேட்டார்.

"இருபத்தெட்டு, சேர்."

"மற்றவை?"

"ஒப்பம் இருந்தது, சேர்."

சிரித்தார். ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். இடம் வேறொருவனுக்குப் போயிற்று.

திங்கட்கிழமை மூத்தவர் தன் ஒப்பத்தோடு ஓர் அட்டவணையைப் படியெடுக்கத் தந்தார். பென்சிலை எடுத்து முதல் வரியிலிருந்து கூட்டத் தொடங்கினேன். கந்தோர் முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

"என்ன செய்யிறீர்?"

"சரிபார்க்கிறன்."

அவர் முகம் கறுத்தது. இரண்டு மாதம் அந்த வீட்டில் ஒருவரும் என்னோடு கதைக்கவில்லை. நான் ஒரு வரியையும் விடவில்லை.