பார்க்காமல் விட்ட மூன்று வரி

தம்பிக்குப் பார்வை போனபிறகுதான் அக்கா அந்த வேலையில் இறங்கினாள். திரையில் உள்ளதை வாய்விட்டுப் படிக்கும் ஓபன் சோர்ஸ் மென்பொருள் அது. யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், திருத்தலாம். பல நாட்டுக்காரர்கள் சம்பளமில்லாமல் எழுதினார்கள். தங்கள் மொழியை அதற்குப் படிக்கக் கற்றுக்கொடுத்தவள் அவள். திட்டத்தின் பொறுப்பாளர் கடல் கடந்து இருந்தார். வீட்டில் அவருக்கு ‘தாடி’ என்றே பெயர்.

ஒருநாள் காலை திட்டத்தின் இணையதளத்தில் அவளுடைய கணக்கு திறக்கவில்லை. தாடியின் நாடு அவள் நாட்டின்மீது பொருளாதாரத் தடை விதித்திருந்தது. வருஷக்கணக்கில் எழுதியதில் ஒரு எழுத்தைக்கூட இனி அவள் மாற்ற வழியில்லை.

“நீ என்னக்கா, குண்டா செஞ்ச?” என்றான் தம்பி.

“எழுத்துக்கூட்டிப் படிக்கச் சொல்லிக்கொடுத்தேன்டா.”

அப்போது இருவரும் சிரித்தார்கள்.

அடுத்த பதிப்பு வந்ததும் சிரிப்பு போயிற்று. நீளமான சொற்களை அது பாதியில் விழுங்கியது. தம்பி குடிநீர் அலுவலகத்தில், வந்த புகார்களைக் காதால் கேட்டு, போனில் ஆட்களை அனுப்பி வைப்பவன். தெருப்பெயர் பாதியாய்க் கேட்டது. ஆட்கள் தெரு மாறிப் போய் நின்றார்கள். அக்கா வீட்டுக் கணினியில் இருந்த பிரதியைத் துருவிப் பிழையைக் கண்டுபிடித்தாள். மூன்றே வரித் திருத்தம். தாடிக்கு மின்னஞ்சலில் அனுப்பிவிட்டுப் போன் போட்டாள்.

“வக்கீல் கண்டிப்பா சொல்லிட்டாரும்மா. உங்ககிட்டேருந்து ஒரு வரி வாங்கினாலும் மொத்தத் திட்டத்துக்கும் ஆபத்தாம்.”

“சரி, நீங்களே எழுதிடுங்க. நான் அனுப்பினத பாத்தீங்கல்ல?”

“பாக்கல. பாத்துட்டு நானே எழுதினா, அதுவும் தப்பாம்.”

“அப்ப எங்க மொழி?”

“எடுத்துடப் போறோம். பாத்துக்க ஆளில்ல. மன்னிச்சிடும்மா.”

அவர்மேல் கோபப்படக்கூட அவளால் முடியவில்லை.

திருத்திய பிரதியை பென்டிரைவில் போட்டு, தம்பியின் அலுவலகத்துக்குத் தானே எடுத்துப் போனாள். மேலாளர் கையில்கூட வாங்கவில்லை. “ஊர்பேர் தெரியாததையெல்லாம் எங்க மெஷின்ல ஏத்த முடியாதும்மா. நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா யார் பதில் சொல்றது?”

அந்த மாதக் கடைசியில் தம்பியை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வீட்டுக் கணினியில் அவள் பிரதி ஒழுங்காகத்தான் படித்தது. வேலைக்கான விளம்பரங்களை அதில் கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தான்.

“இது எத்தனை நாளைக்குக்கா ஓடும்?”

“இந்த மெஷின் இருக்கிறவரைக்கும்.”

அவன் ஒலியைக் கொஞ்சம் கூட்டி வைத்துக்கொண்டான்.